கறுப்புத் திரையில் ஒரு தீபாவளி பண்டு: சால்சி கம்பைலரைக் கையாளும் வழி

பிளாக்செயின் படிக்கிறேன் என்று சொல்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டுகிற ரீமிக்ஸைத் திறந்து, பச்சை டிக் வந்ததும் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். ரீமிக்ஸ் நல்ல கருவிதான், நானும் அவசரத்துக்கு அதைத்தான் திறப்பேன். ஆனால் இன்டர்வியூவில் உட்கார வைத்து "எந்த வெர்ஷன், ஆப்டிமைசர் போட்டியா, எத்தனை ரன்ஸ், எந்த ஈவிஎம்" என்று கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த நாலையும் நமக்குப் பதிலாக அந்தப் பக்கமே முடிவு செய்துவிட்டது. ஹார்ட்ஹேட், ஃபவுண்ட்ரி என்று எந்த டெவலப்பர் கருவியை வைத்து வேலை செய்தாலும் சாலிடிட்டி கோடை மாற்றித் தருவது அடியில் ஓடுகிற ஒரே கம்பைலர்தான். அதை முதலில் வெறுமனே, டெர்மினலில், கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள் என்பதுதான் என் கட்சி.

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பிசிஏவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்போடு இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அந்த மெஷினில் குரோம் பத்து டேபோடு திணறும், ஆனால் கம்பைலர் திணறாது, அது ஒரு சின்ன ஃபைல். டவுன்லோட் செய்யத்தான் நெட் வேண்டும், அதற்கப்புறம் நெட்டே இல்லாமல் ஓடும். வீட்டில் டேட்டா பேக் தீர்ந்துவிட்டால் கொளத்தூர் அகரத்தில் இருக்கிற முதல்வர் படைப்பகம் மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும்.

ஒரு விஷயம் முதலிலேயே. இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் கோடையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில், சொன்ன இடம் தவிர எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். கம்பைலரின் பெயர் எஸ், ஓ, எல், சி என்று நான்கே எழுத்து, அதைத்தான் சால்சி என்கிறேன். ஃபைல் பெயரின் கடைசியில் வருகிற .சால் என்பது எஸ், ஓ, எல். கோடுகள், புள்ளிகள், அடைப்புக்குறிகள் எல்லாம் இங்கே இருப்பது போலவே.

கம்பைலர் செய்வது என்ன? எத்தீரியம் என்ற பிளாக்செயின் 2015 ஜூலை 30 அன்று ஓட ஆரம்பித்தது, அதற்கு ஒரு வருடம் முன்பே, 2014-இல், கேவின் வுட் சாலிடிட்டி என்ற மொழியை முன்மொழிந்துவிட்டார். ஆனால் எத்தீரியத்தின் உள்ளே இருக்கிற மெஷினுக்கு, அதாவது ஈவிஎம்முக்கு, சாலிடிட்டி தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு பைட் நீளமுள்ள சின்னச் சின்ன ஆணைகள் மட்டும். நாம் எழுதுவதை அந்த ஆணைகளாக மாற்றுவது சால்சி. அப்படி மாறி வந்த பைட்கோடுதான் செயினில் உட்காரும். உட்கார்ந்த பிறகு அந்த முகவரியில் இருக்கிற கோடைத் திருத்த முடியாது, இன்னொன்றை இன்னொரு முகவரியில் ஏற்றத்தான் முடியும். அதனால்தான் எந்த செட்டிங்கில் கம்பைல் செய்தோம் என்பதில் இவ்வளவு பிடிவாதம்.

கம்பைலரை ஏற்றுவது

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. விண்டோஸ் என்றால் முதலில், அதற்குள் லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் உபுண்டுவை ஏற்றிக்கொள்ளுங்கள். சால்சிக்கு விண்டோஸ் ஃபைலும் தனியாக உண்டுதான், ஆனால் பிற்பாடு தேவைப்படுகிற மற்ற கருவிகள் லினக்ஸில்தான் சண்டை போடாமல் ஓடும்.

சால்சியை, எத்தீரியத்தின் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொண்டு, ஆப்ட் வழியாகவும் போடலாம், ஆனால் அப்படிப் போட்டால் அன்றைய தேதிக்குப் புதிய வெர்ஷன் ஒன்றுதான் கிடைக்கும். உங்களுக்குப் பல வெர்ஷன்கள் தேவைப்படும், நிச்சயமாகத் தேவைப்படும். அதனால் சால்சி-செலக்ட் என்ற பைதான் கருவியைப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைப்எக்ஸ்
பைப்எக்ஸ் என்ஷுர்பாத்
பைப்எக்ஸ் இன்ஸ்டால் சால்சி-செலக்ட்

இங்கே டெர்மினலை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும், இல்லையென்றால் கட்டளை கிடைக்கவில்லை என்று சொல்லும். பழைய வீடியோக்களில் வெறும் பிப் இன்ஸ்டால் என்று காட்டுவார்கள். புதிய உபுண்டுவில் அதற்கு அனுமதி கிடையாது, பெரிய சிவப்பு எரர் ஒன்று வரும், அதற்காகத்தான் பைப்எக்ஸ். அப்புறம்:

சால்சி-செலக்ட் இன்ஸ்டால் 0.8.28
சால்சி-செலக்ட் யூஸ் 0.8.28
சால்சி --வெர்ஷன்

கடைசிக் கட்டளைக்கு 0.8.28 என்று வந்து, பக்கத்தில் கமிட் என்று ஒரு எழுத்துக்கோவை தெரிந்தால் சரி. வேறு எண் வந்தால் உங்கள் மெஷினில் ஏற்கெனவே இன்னொரு சால்சி இருக்கிறது, விச் சால்சி என்று அடித்தால் எது ஓடுகிறது என்று வழி காட்டும்.

நோட் ஜேஎஸ் பழகியவர்கள் என்பிஎம் வழியாக சால்சியை ஏற்றிவிட்டு, சால்சி என்று அடித்தால் வரவில்லையே என்று குழம்புவார்கள். என்பிஎம்மில் வருவது வேறு பதிப்பு, அதன் கட்டளை சால்சிஜேஎஸ், அதில் கீழே நான் சொல்லப் போகிற பல ஆப்ஷன்கள் கிடையாது. இரண்டையும் கலக்காதீர்கள்.

எழுதிப் பார்க்க ஒரு கான்ட்ராக்ட்

கான்ட்ராக்ட் என்றால் செயினில் ஓடுகிற புரோகிராம். பாடப் புத்தகத்தில் எப்போதும் ஒரு கவுன்ட்டரோ வோட்டிங்கோ இருக்கும். நமக்கு அதைவிடப் பழக்கமானது தீபாவளி பண்டு. தெருவில் ஒரு அக்கா பிடிப்பார், மாதாமாதம் கட்டுவோம், அவர் ஒரு நோட்டில் எழுதுவார், தீபாவளிக்கு முன்னால் சண்டை வருவதும் அந்த நோட்டை வைத்துத்தான். அந்த நோட்டை மட்டும் கான்ட்ராக்டாக எழுதுவோம். பணம் இதற்குள் வராது, யார் எவ்வளவு கட்டினார் என்ற கணக்கு மட்டும். பண்டு என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் பண்டு.சால் என்ற ஃபைலில் இதை அடியுங்கள்:

பிராக்மா சாலிடிட்டி 0.8.28;

கான்ட்ராக்ட் பண்டு {
    அட்ரஸ் பப்ளிக் தலைவி;
    மேப்பிங்(அட்ரஸ் => யுஇன்ட்256) பப்ளிக் கட்டியது;

    கன்ஸ்ட்ரக்டர்() {
        தலைவி = எம்எஸ்ஜி.சென்டர்;
    }

    // மாதத் தொகையைத் தலைவி மட்டும் பதியலாம்
    ஃபங்ஷன் பதி(அட்ரஸ் யார், யுஇன்ட்256 தொகை) எக்ஸ்டெர்னல் {
        ரிக்வயர்(எம்எஸ்ஜி.சென்டர் == தலைவி, "தலைவி மட்டும்");
        கட்டியது[யார்] += தொகை;
    }
}

கான்ட்ராக்டின் பெயரான பண்டுவுக்கு மட்டும் முதல் எழுத்து பெரிய எழுத்து, அது வழக்கம். எம்எஸ்ஜிக்குப் பின்னால் வருகிற சென்டர், அனுப்புகிறவர் என்ற பொருளில் வருகிற ஆங்கிலச் சொல், நடுப்பகுதி என்ற பொருளில் வருவது இல்லை. தலைவி, கட்டியது, பதி, யார், தொகை இவையும் ஆங்கில எழுத்தில்தான், ஏனென்றால் சாலிடிட்டியில் வேரியபிள் பெயரைத் தமிழில் வைக்க முடியாது. இரண்டே இடத்தில் உண்மையான தமிழில் டைப் செய்யுங்கள்: இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் வருகிற குறிப்பு, மேற்கோள் குறிக்குள் இருக்கிற "தலைவி மட்டும்". இதில் ஒன்று எரர் கொடுக்கும். தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

ஓட்டிப் பாருங்கள்:

சால்சி பண்டு.சால்

எரரைப் படிப்பது

புதிதாக வருகிறவர்கள் எரர் வந்ததும் அதை அப்படியே காப்பி செய்து சாட்பாட்டில் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் முதலில் ஒரு முறை படித்துவிட்டுப் போடுங்கள், சால்சி எழுதுகிற எரர்கள் மற்ற பல கம்பைலர்களைவிட நேர்மையானவை.

ஒவ்வொரு எரரிலும் மூன்று துண்டு இருக்கும். முதல் வரியில் என்ன பிரச்சினை, இரண்டாவது வரியில் ஒரு அம்புக்குறி போட்டு ஃபைல் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று மூன்றும் முக்காற்புள்ளியால் பிரித்து, அதற்குக் கீழே உங்கள் கோடிலிருந்தே அந்த வரியை எடுத்துப் போட்டு அடியில் கூம்புக் குறிகள். இப்போது நமக்கு வந்திருப்பது, ஸ்ட்ரிங்கில் செல்லாத எழுத்து இருக்கிறது, யூனிகோட் வேண்டுமென்றால் யூனிகோட் என்று முன்னால் சேர்த்த மேற்கோளைப் பயன்படுத்து என்று. மருந்தையும் அதுவே சொல்லிவிட்டது. 0.7.0 வெர்ஷனிலிருந்து இதுதான் விதி: சாதாரண மேற்கோளுக்குள் ஆங்கில எழுத்து மட்டும், தமிழ் வேண்டுமென்றால் யூனிகோட்"தலைவி மட்டும்" என்று, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். இரட்டைக் கோட்டுக் குறிப்பில் தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை பாருங்கள்.

அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் எரர் போய், ஒரு வார்னிங் நிற்கும்: லைசென்ஸ் குறிப்பு இல்லை என்று. எரர் என்றால் பைட்கோட் வராது, வார்னிங் என்றால் வரும், ஆனால் வருகிறதே என்று அதைத் தாண்டிப் போகிற பழக்கம் மட்டும் வேண்டாம். ஃபைலின் முதல் வரியாக இதைச் சேருங்கள்:

// எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: எம்ஐடி

இதில் எஸ்பிடிஎக்ஸ், எம்ஐடி இரண்டும் பெரிய எழுத்து, லைசென்ஸுக்கும் ஐடென்டிஃபையருக்கும் முதல் எழுத்து பெரியது. இந்த வார்னிங் 0.6.8 வெர்ஷனில் வந்தது, அதனால் பழைய பாடங்களில் இந்த வரியைப் பார்க்க மாட்டீர்கள். கட்டளையோடு --எரர்-கோட்ஸ் என்று சேர்த்தால் ஒவ்வொரு எரருக்கும் ஒரு எண் கிடைக்கும், லைசென்ஸ் வார்னிங்குக்கு 1878. நீளமான வாக்கியத்தைத் தேடுவதைவிட அந்த எண்ணைத் தேடினால் சரியான பதில் சீக்கிரம் அகப்படும்.

இன்னும் சில எரர்களைக் கையாலேயே உண்டாக்கிப் பாருங்கள். ஒரு அரைப்புள்ளியை அழித்துவிட்டு ஓட்டினால் கூம்புக் குறி பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டும், ஏனென்றால் அரைப்புள்ளி வராமல் வேறு எதுவோ வந்துவிட்டதே என்று அது உணர்கிற இடம் அங்கேதான். அதனால் காட்டிய வரியில் தப்பே தெரியவில்லை என்றால் ஒரு வரி மேலே பாருங்கள். தலைவி என்பதில் ஒரு எழுத்தை மாற்றி அடித்தால், இப்படி ஒன்றை அறிவிக்கவில்லையே, நீ சொல்ல வந்தது இதுவா என்று சரியான பெயரையே எடுத்துக் கொடுக்கும்.

முக்கியமான ஒன்று. இலக்கணப் பிழை இருக்கும்வரை கம்பைலர் அதற்கு மேல் போய் டைப்புகளைச் சரிபார்க்காது. அதனால் ஒரே ஒரு எரர் இருந்தது, அதைத் திருத்தியதும் ஐந்து எரர் வந்துவிட்டது என்று பதற வேண்டாம், முன்பு பார்க்காமல் விட்ட இடம்வரை இப்போதுதான் வந்திருக்கிறது. எப்போதும் மேலே இருக்கிற முதல் எரரைத் திருத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள், கீழே இருப்பவை பாதி தானாகக் காணாமல் போகும்.

அப்புறம் வெர்ஷன் எரர். உங்கள் ஃபைலில் 0.8.28 என்று பிராக்மா எழுதியிருக்கிறோம். சால்சி-செலக்ட் வைத்து வேறு வெர்ஷனுக்கு மாறிவிட்டு ஓட்டினால், இந்த ஃபைல் கேட்பது வேறு கம்பைலர் என்று மறுத்துவிடும். எண்ணுக்கு முன்னால் கூம்பு போட்டு ^0.8.20 என்று எழுதினால் 0.8.20-லிருந்து 0.9.0-க்குக் கீழ் எதுவும் சரி என்று பொருள். மற்றவர்கள் இம்போர்ட் செய்கிற லைப்ரரிக்கு அது பொருந்தும். செயினில் ஏற்றப் போகிற கான்ட்ராக்டுக்கு ஒரே எண்ணைக் கட்டிவைப்பதுதான் நல்லது.

யூடியூபில் பார்த்து எழுதிய பழைய கோட் ஓடவில்லை என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் இந்த வெர்ஷன்தான். கான்ட்ராக்டின் பெயரிலேயே ஃபங்ஷன் எழுதி அதை கன்ஸ்ட்ரக்டராக வைப்பது 0.5.0-இல் ஒழிந்தது, நேரத்துக்கு நவ் என்று எழுதுவது 0.7.0-இல் போய் பிளாக்.டைம்ஸ்டாம்ப் ஆனது. இதைவிடப் பெரிய மாற்றம் 0.8.0: அதற்கு முன்னால் ஒரு எண் தன் எல்லையைத் தாண்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதைத் தடுக்க சேஃப்மேத் என்ற லைப்ரரியைச் சேர்ப்பார்கள். 0.8.0-லிருந்து கம்பைலரே அந்தச் சோதனையைப் போட்டுவிடுகிறது, எல்லை தாண்டினால் டிரான்ஸாக்ஷன் முழுதும் திரும்பிவிடும். நம் பண்டுவில் += எழுதியிருக்கிற வரிக்கு அந்தப் பாதுகாப்பு சும்மா கிடைக்கிறது. பாடம் எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், 2020 டிசம்பருக்கு முந்தையது என்றால் அது 0.8-க்கும் முந்தையது.

வெளியே எடுப்பது

வெறும் சால்சி பண்டு.சால் என்று ஓட்டினால், வெற்றி, ஆனால் வெளியே எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் வரும். எது வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும்:

சால்சி --பின் --ஏபிஐ -ஓ பில்ட் பண்டு.சால்

பின் என்பதில் முதல் எழுத்தும் ஏபிஐ என்பதில் நடு எழுத்தும் பஸ்ஸுக்கு வருகிற பி, பேப்பருக்கு வருகிற பி இல்லை. பில்ட் என்ற ஃபோல்டர் தானாக உருவாகி அதற்குள் பண்டு.பின், பண்டு.ஏபிஐ என்று இரண்டு ஃபைல் இருக்கும். ஃபைல் பெயர் கான்ட்ராக்ட் பெயரிலிருந்து வருகிறது, அதனால் முதல் எழுத்து பெரியது, லினக்ஸில் அது முக்கியம். அதே கட்டளையை இரண்டாவது முறை ஓட்டினால், ஏற்கெனவே இருக்கிற ஃபைலை அழிக்க மாட்டேன் என்று நின்றுவிடும். --ஓவர்ரைட் சேருங்கள். சேர்க்காமல் விட்டு, பழைய பைட்கோடையே ஏற்றிவிட்டு, திருத்தம் ஏன் வேலை செய்யவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு.

பின் ஃபைலைத் திறந்தால் 6080604052 என்று ஆரம்பிக்கும். சாலிடிட்டியில் எழுதிய கான்ட்ராக்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும், 80-ஐயும் 40-ஐயும் ஸ்டாக்கில் தள்ளி மெமரியில் ஒரு இடத்தைக் குறித்துவைக்கிற ஆணை அது. ஏபிஐ ஃபைல் ஜேசன், வெளியிலிருந்து இந்தக் கான்ட்ராக்டை எப்படிக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல்.

--பின்-ரன்டைம் என்று இன்னொன்று இருக்கிறது. --பின் தருவது ஏற்றுவதற்கான கோட், அதில் கன்ஸ்ட்ரக்டரும் இருக்கும். கன்ஸ்ட்ரக்டர் ஒரே ஒரு முறை ஓடி, தலைவி யார் என்று எழுதிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு செயினில் தங்குவதுதான் ரன்டைம். இரண்டையும் குழப்பி ரன்டைமை ஏற்றினால் வேலை செய்யாது.

இதையும் ஓட்டிப் பாருங்கள்:

சால்சி --ஹாஷஸ் பண்டு.சால்

நாம் எழுதிய ஃபங்ஷன் ஒன்றே ஒன்று, ஆனால் மூன்று வரும். தலைவி, கட்டியது இரண்டுக்கும் பப்ளிக் என்று போட்டதால் அவற்றைப் படிக்கிற ஃபங்ஷனைக் கம்பைலரே எழுதிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கிற எட்டு எழுத்து, ஃபங்ஷனின் பெயரையும் டைப்புகளையும் கெக்காக்256 ஹாஷ் செய்து எடுத்த முதல் நான்கு பைட். செயினுக்கு ஃபங்ஷனின் பெயர் போவதில்லை, இந்த நான்கு பைட்தான் போகிறது.

பப்ளிக் என்று எழுதாமல் பிரைவேட் என்று எழுதினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அப்போது படிக்கிற ஃபங்ஷன் வராது, அவ்வளவுதான், ஸ்டோரேஜில் இருக்கிற எண்ணை யார் வேண்டுமானாலும் செயினிலிருந்து நேரடியாக எடுக்கலாம். எதிர் வீட்டுக்காரர் எத்தனை மாதம் பாக்கி என்று ஊருக்கே தெரியும் பண்டு இது.

கேஸ், ஆப்டிமைசர்

சால்சி --கேஸ் பண்டு.சால்

என்று அடித்தால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எவ்வளவு கேஸ், அதாவது செயினில் ஓட்டுவதற்கான கட்டணத்தின் அளவு, என்று மதிப்பீடு வரும். சில இடத்தில் இன்ஃபினிட் என்று இருக்கும், பயப்பட வேண்டாம், இதற்கு மேல் எல்லையை முன்கூட்டிக் கணக்கிட முடியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. ஏற்றுகிற செலவில் ஒரு பகுதி கோடின் நீளம், பைட்டுக்கு 200 கேஸ்.

நம் தமிழ் ஸ்ட்ரிங்கும் அந்தக் கணக்கில் வருகிறது. யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகள். "தலைவி மட்டும்" என்பது 37 பைட், ஈவிஎம்மின் ஒரு சொல் 32 பைட், அதனால் இது இரண்டாவது சொல்லுக்கும் வழிந்துவிடுகிறது. படிக்கும்போது பரவாயில்லை. நிஜமான வேலையில் 0.8.4-இல் வந்த கஸ்டம் எரரைப் பயன்படுத்துங்கள்: எரர் தலைவிஅல்ல(); என்று (பெயர் ஆங்கில எழுத்தில்) மேலே அறிவித்துவிட்டு, ரிக்வயரில் ஸ்ட்ரிங்குக்குப் பதில் தலைவிஅல்ல() என்று எழுதினால் நான்கு பைட்டில் முடிந்துவிடும். பயனருக்குத் தமிழில் காட்டுகிற வேலையை ஆப் பார்த்துக்கொள்ளட்டும்.

பைட்கோடைச் செதுக்கிக் கேஸைக் குறைக்கிற ஆப்டிமைசர் தானாக ஓடாது, கேட்டால்தான் ஓடும்:

சால்சி --ஆப்டிமைஸ் --ஆப்டிமைஸ்-ரன்ஸ் 200 --பின் --ஏபிஐ -ஓ பில்ட் --ஓவர்ரைட் பண்டு.சால்

ரன்ஸ் என்பதை ஆப்டிமைசர் 200 தடவை ஓடும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், கோச்சிங் சென்டரில் அப்படியே சொல்லியும் கொடுக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கான்ட்ராக்டை அதன் ஆயுளில் எத்தனை முறை கூப்பிடுவார்கள் என்று நீங்கள் சொல்கிற உத்தேசம் அது. எண்ணூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் போகிறவர் மாதப் பாஸ் எடுப்பார், எப்போதாவது போகிறவர் டிக்கெட் எடுப்பார், அந்தக் கணக்குதான். ரன்ஸ் குறைவு என்றால் கோட் சின்னதாகும், ஏற்றுவது மலிவு. அதிகம் என்றால் கோட் நீளலாம், ஒவ்வொரு அழைப்பும் மலிவு. சொல்லாமல் விட்டால் 200.

பெரிய கான்ட்ராக்ட் எழுத ஆரம்பித்ததும் இரண்டு சுவர்களில் முட்டுவீர்கள். ஒன்று அளவு: செயினில் தங்குகிற கோட் 24,576 பைட்டைத் தாண்டக் கூடாது, 2016-லிருந்து எத்தீரியத்தின் விதி. ரன்டைம் ஃபைலில் ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து, அதனால் 49,152 எழுத்துக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் கம்பைலரே வார்னிங் தரும். ரன்ஸைக் குறைத்துப் பாருங்கள், போதவில்லையென்றால் கான்ட்ராக்டைப் பிரியுங்கள். இன்னொன்று ஸ்டாக் டூ டீப். ஈவிஎம் தன் ஸ்டாக்கில் மேலே இருக்கிற 16 இடம் வரைதான் கைநீட்ட முடியும், ஒரே ஃபங்ஷனில் வேரியபிள்கள் குவிந்தால் எட்டாமல் போகும். --வயா-ஐஆர் சேர்த்து ஆப்டிமைசரோடு ஓட்டினால் பெரும்பாலும் தீரும், ஆனால் கம்பைல் நேரம் கூடும், பழைய லேப்டாப்பில் அது நன்றாகவே தெரியும். என்னைக் கேட்டால் ஃபங்ஷனை இரண்டாக உடைப்பது மேல்.

ஈவிஎம் வெர்ஷன்

இது தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கம்பைல் சுத்தமாக ஆகும், ஏற்றினால் இன்வேலிட் ஆப்கோட் என்று விழும். 0.8.20-லிருந்து கம்பைலர் இயல்பாகவே ஷாங்காய் ஈவிஎம்முக்கு எழுதுகிறது, அதில் புஷ்0 என்ற புதிய ஆணை உண்டு. 0.8.25-இல் இயல்பு கான்கூன் ஆனது, நாம் போட்ட 0.8.28-க்கும் அதுதான். எத்தீரியத்தில் பிரச்சினை இல்லை, ஆனால் பின்தங்கியிருக்கிற வேறு செயினுக்கு அந்த ஆணை புரியாது. அப்போது:

சால்சி --ஈவிஎம்-வெர்ஷன் பாரிஸ் --பின் பண்டு.சால்

என்று பழைய இலக்கைச் சொல்லிவிடுங்கள். எந்தச் செயினில் ஏற்றப் போகிறீர்களோ அதன் டாக்குமென்டில் எந்த ஈவிஎம் என்று போட்டிருப்பார்கள், கம்பைல் செய்வதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இம்போர்ட்

ஆயத்தமாக எழுதிவைத்த கான்ட்ராக்டுகள் இருக்கிற ஓப்பன்செப்பலின் லைப்ரரியைச் சேர்த்ததும் ஃபைல் கிடைக்கவில்லை என்று எரர் வரும். ரீமிக்ஸ் அதை நெட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், சால்சி எடுக்காது. என்பிஎம்மில் இறக்கி வைத்துவிட்டு, எங்கே தேட வேண்டும் என்று சொல்ல வேண்டும்:

சால்சி --பேஸ்-பாத் . --இன்க்ளூட்-பாத் நோட்_மாட்யூல்ஸ் --பின் பண்டு.சால்

பேஸ்-பாத்துக்குப் பின்னால் இருக்கிற ஒற்றைப் புள்ளி இப்போது நிற்கிற ஃபோல்டரைக் குறிக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள், பேஸ்-பாத் இல்லாமல் இன்க்ளூட்-பாத்தை ஏற்காது.

ஏற்றிப் பார்ப்பது

ஃபவுண்ட்ரியில் வருகிற ஆன்வில் என்ற கருவி உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு பொம்மைச் செயினை 8545 போர்ட்டில் ஓட்டும். பத்து அக்கவுன்ட், ஒவ்வொன்றிலும் 10,000 போலி ஈத்தர். அதன் பிரைவேட் கீக்கள் உலகத்துக்கே தெரிந்தவை, அந்த முகவரிக்கு நிஜப் பணம் அனுப்பினால் அடுத்த நொடி காணாமல் போகும். ஒரு டெர்மினலில் ஆன்வில் ஓட, இன்னொன்றில் ஃபவுண்ட்ரியோடு வருகிற காஸ்ட்:

காஸ்ட் சென்ட் --ஆர்பிசி-யுஆர்எல் எச்டிடிபி://127.0.0.1:8545 --பிரைவேட்-கீ (ஆன்வில் காட்டிய கீ) --கிரியேட் (0எக்ஸ் சேர்த்த பின் ஃபைலின் உள்ளடக்கம்)

அடைப்புக்குறிக்குள் இருப்பதற்குப் பதில் அதனதன் மதிப்பைப் போடுங்கள். கான்ட்ராக்ட் முகவரி கிடைக்கும். அடுத்தது செபோலியா டெஸ்ட்நெட், அதாவது நிஜப் பணம் இல்லாமல் பழகுவதற்கான பொதுச் செயின். பழைய பாடங்கள் சொல்கிற ராப்ஸ்டன், ரிங்க்பி, கோர்லி எல்லாம் மூடியாகிவிட்டது. டெஸ்ட் ஈத்தரை யாராவது விலைக்கு விற்றால் வாங்காதீர்கள், அது இலவசமாகக் கிடைப்பது.

தெரு அக்காவிடம் கொண்டுபோய் நிஜ பண்டுவை இதில் நடத்தலாம் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஊர்ப் பணத்தை வசூலிப்பதற்கு 1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டமும், 2019-இல் வந்த, முறைப்படுத்தாத வைப்புத் திட்டங்களுக்கான தடைச் சட்டமும் இருக்கின்றன. பிளாக்செயினில் எழுதியதால் விலக்கு எதுவும் கிடையாது.

குறித்துவைக்க வேண்டியவை

செயினில் ஏற்றிய கான்ட்ராக்டின் சோர்ஸ் இதுதான் என்று, செயினில் இருப்பதைக் காட்டுகிற தளமான எக்ஸ்ப்ளோரரில் வெரிஃபை செய்யும்போது, அவர்கள் உங்கள் சோர்ஸை மறுபடி கம்பைல் செய்து செயினில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். வெர்ஷன், ஆப்டிமைசர், ரன்ஸ், ஈவிஎம் நாலில் ஒன்று மாறினாலும் பொருந்தாமல் போகலாம். அதனால் ஏற்றுகிற அன்று ஓட்டிய முழுக் கட்டளையையும் --வெர்ஷன் காட்டியதையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி, கோடோடு சேர்த்தே கிட்டில் போட்டுவிடுங்கள்.

சோர்ஸிலும் கை வைக்கக் கூடாது. குறிப்பு வரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிட்டுக் கம்பைல் செய்து, பழைய பின் ஃபைலோடு டிஃப் போட்டுப் பாருங்கள், கடைசிப் பகுதி மாறியிருக்கும். கம்பைலர் சோர்ஸின் ஹாஷ், செட்டிங் எல்லாவற்றையும் ஒரு மெட்டாடேட்டாவாகச் சுருட்டி, அதன் ஹாஷைப் பைட்கோடின் வாலில் ஒட்டுகிறது, குறிப்பும் இடைவெளியும் அதில் சேர்த்தி. --மெட்டாடேட்டா-ஹாஷ் நன் என்று சொன்னால் அந்த ஹாஷ் ஒட்டாது, ஆனால் ஒட்டியே விடுங்கள், முழுப் பொருத்தம் என்று எக்ஸ்ப்ளோரர் சொல்வது அதை வைத்துத்தான்.

ஃபைல்கள் நாலைந்து ஆனதும் இத்தனை ஆப்ஷனையும் ஒரே வரியில் அடிப்பது கையை வலிக்கும். அப்போது --ஸ்டாண்டர்ட்-ஜேசன் முறைக்கு மாறுங்கள். சோர்ஸ், செட்டிங், எது வெளியே வேண்டும் என்று எல்லாம் ஒரே ஜேசன் ஃபைலில் இருக்கும், ஹார்ட்ஹேட்டும் ஃபவுண்ட்ரியும் உள்ளே சால்சியோடு பேசுவது இப்படித்தான், வெரிஃபை செய்கிற பக்கத்திலும் அதே ஃபைலை அப்படியே ஏற்றலாம்.